மூன்று ராஜாக்களுக்கு வரி கட்டியவர்களின் நிலம்

ஒரே ஏரி, ஒரே குடும்பம், ஆனால் வரி கேட்டு வருவது மூன்று ராஜாக்களின் ஆட்கள். இன்றைய பின்லாந்தின் வடகோடியில் இருக்கும் இனாரி ஏரியைச் சுற்றி வாழ்ந்த சாமி மக்களுக்கு 17ஆம் நூற்றாண்டில் இதுதான் நிலைமை. சுவீடன் ராஜாவுக்கு ஒரு வரி, டென்மார்க்-நார்வே ராஜாவுக்கு ஒரு வரி (அப்போது அந்த இரண்டு நாடும் ஒரே முடியின் கீழ் இருந்தன), மாஸ்கோவில் இருந்த ஜாருக்கு ஒரு வரி. மூன்று பேருமே இது எங்கள் நாடு என்று சொன்னார்கள். அந்தப் பனிக்காட்டில் நிரந்தரமாகப் படை நிறுத்தி வைக்க மூவருக்குமே தெம்பில்லை. அதனால் வருஷத்துக்கு ஒரு முறை ஆள் அனுப்பி வரி தண்டுவதுதான், நாங்கள் இங்கே ஆள்கிறோம் என்று காட்டிக்கொள்ள அவர்களிடம் இருந்த ஒரே வழி.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. சாமி என்றதும் நமக்குக் கோயில் நினைவுக்கு வரும். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நார்வே, சுவீடன், பின்லாந்து, ரஷ்யாவின் கோலா தீபகற்பம் என்று நான்கு நாடுகளில் பரவியிருக்கும் பூர்வகுடி மக்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர் அது. வெளியார் வைத்த பழைய பெயர் லாப். அதை அவர்கள் விரும்புவதில்லை, ஆனால் பழைய சட்டங்களிலும் வரிப் பதிவேடுகளிலும் அந்தச் சொல்தான் இருக்கிறது என்பதால் இந்தக் கட்டுரையிலும் சில இடங்களில் வந்துபோகும்.

இவர்களுடைய நில வரலாற்றில் தலைகீழான ஒரு சங்கதி இருக்கிறது. மூன்று பேருக்கு வரி கட்டித் திணறிய அந்தக் காலத்தில்தான் சாமி மக்களின் நில உரிமை ஓரளவு கெட்டியாக இருந்தது. எல்லைக்கோடு போட்டு, இனி ஒரு ராஜாவுக்குக் கட்டினால் போதும் என்று ஆன பிறகு, நிலம் மெல்லமெல்ல அவர்கள் கையைவிட்டுப் போனது. போர் எதுவும் நடக்கவில்லை, பெரிதாக ஒப்பந்தம் போட்டு யாரும் எழுதி வாங்கவும் இல்லை. அப்படியானால் எப்படிப் போனது?

வரிக் கதை ரொம்பப் பழசு. சுமார் 890ஆம் ஆண்டில் ஓத்தார் என்ற நார்வேக்காரர் ஒருவர் இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் அரசரிடம் தன் ஊர்ச் செய்திகளைச் சொன்னார், அரசரின் ஆட்கள் அதை எழுதி வைத்தார்கள். நார்வேக்காரர்களிலேயே ஆக வடக்கே வாழ்பவன் நான்தான் என்கிறார் ஓத்தார். அவரிடம் மாடு 20, ஆடு 20, பன்றி 20தான் இருந்தன, ஆனால் அவர் ஊரில் பெரிய மனிதர். எப்படி? சாமி மக்கள் கொடுத்த திறைதான் அவர் சொத்து. அவர்களில் உயர்குடியில் பிறந்தவர் 15 மார்ட்டன் (மரநாய் போன்ற சிறு விலங்கு) தோல், 5 பனிமான் தோல், ஒரு கரடித் தோல், 10 அளவு பறவை இறகு, கரடித் தோலிலோ நீர்நாய்த் தோலிலோ தைத்த ஓர் அங்கி, 60 முழ நீளத்தில் இரண்டு கப்பல் கயிறு (ஒன்று திமிங்கிலத் தோலில் திரித்தது, மற்றது கடல்நாய்த் தோலில்) கொடுக்க வேண்டும். இதில் நிலம் என்ற பேச்சே கிடையாது. பலசாலி கேட்டான், கொடுத்தார்கள், அவ்வளவுதான். இதை வரி என்று சொல்வதைவிடக் கப்பம் என்று சொல்வதுதான் பொருத்தம்.

அப்புறம் அரசுகள் வந்தன. 1326இல் நார்வேயும், இன்றைய ரஷ்யாவில் இருக்கும் நொவ்கொரொத் நகர அரசும் ஓர் உடன்படிக்கை போட்டுக்கொண்டன. எல்லை எது என்று அதில் ஒரு கோடு கிழித்துக்கொள்ளாமல், இன்ன இடம் வரை நீயும் வரி வாங்கலாம், இன்ன இடம் வரை நானும் வாங்கலாம் என்று பிரித்துக்கொண்டார்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்ததால் வடக்கில் பெரிய பரப்பு ஒன்று இருவருக்கும் பொதுவான வரிக்காடாகிப் போனது. இன்றைக்கு வரைபடம் பார்த்துப் பழகிய நமக்கு இது விசித்திரமாகப் படும். அந்தக் காலத்து ராஜாவுக்கு நாடு என்றால் கோட்டுக்குள் இருக்கும் மண் அல்ல, தனக்கு வரி கட்டும் ஆட்கள்தான்.

சுவீடன் பக்கத்தில் இந்த வேலை முதலில் குத்தகையில் ஓடியது. பிர்கார்ல் என்று அழைக்கப்பட்ட வணிகர்கள் சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் இடையில் உள்ள போத்னியா வளைகுடாக் கரையிலிருந்து ஆற்று வழியே மேலே போய், சாமி மக்களிடம் வியாபாரமும் செய்து வரியும் தண்டினார்கள். அரசுக்கு ஒரு தொகையை ரோமத்தோலாகக் கட்டிவிட்டால் மிச்சம் அவர்களுக்கு. எவ்வளவு மிச்சம் என்று கேட்க ஆளில்லை. பதினாறாம் நூற்றாண்டில் குஸ்தாவ் வாசா ராஜா இதைக் கவனித்தார். கணக்கில் கெட்டிக்காரர், எங்கே காசு ஒழுகுகிறது என்று மோப்பம் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. 1550களில் பிர்கார்ல்களை ஓரங்கட்டிவிட்டு அரசே நேரடியாக வரி அதிகாரிகளை அனுப்ப ஆரம்பித்தது.

அவர் மகன் ஒன்பதாம் கார்லுக்கு ஆசை இன்னும் பெரியது. வடக்கே ஆர்க்டிக் கடல் வரை சுவீடனை நீட்டிவிட வேண்டும், பனி உறையாத துறைமுகம் வேண்டும். 1595இல் தெயுசினா உடன்படிக்கையில், இன்றைய நார்வேயின் வடகிழக்கு ஓரத்தில் இருக்கும் வாரங்கர் கடற்கழி வரை உள்ள சாமி மக்களிடம் வரி வாங்கும் உரிமையை ரஷ்யா சுவீடனுக்கு விட்டுக்கொடுத்தது. டென்மார்க்-நார்வேயை யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம். 1607இல் கார்ல் தன் பட்டப்பெயர்களில் 'வடநாட்டு லாப்களின் ராஜா' என்பதையும் சேர்த்துக்கொண்டார். டென்மார்க் ராஜாவுக்கு அது பொறுக்கவில்லை. 1611 முதல் 1613 வரை நடந்த கால்மார் போருக்கு வேறு காரணங்களும் இருந்தன, ஆனால் இந்த வரித் தகராறும் அதில் ஒன்று. போரில் சுவீடனுக்கு அடி. 1613இல் க்னெரெட் சமாதானத்தில் கடற்கரைச் சாமி மக்கள் மீது இருந்த வரி உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. சில ஆயிரம் வேட்டைக்காரர்களும் மீனவர்களும் யாருக்குக் கருவாடு கொடுப்பது என்பது இரண்டு ராஜ்ஜியங்கள் சண்டை போடுகிற அளவுக்கு முக்கியமாக இருந்திருக்கிறது.

கருவாடு என்று வேடிக்கைக்குச் சொல்லவில்லை. முதலில் ரோமத்தோலாக வாங்கிய வரியை 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடன் பெருமளவு உலர்ந்த மீனாகவும் பனிமானாகவும் மாற்றியது. படைக்குச் சோறு வேண்டுமே. ராஜா வெளிச்சந்தையில் தோல் விற்றுக் காசாக்கிய காலம் போய், படைவீரர்களின் வயிற்றுக்கு நேரடியாகக் காட்டிலிருந்தும் ஏரியிலிருந்தும் எடுக்கிற காலம் வந்துவிட்டது. இதில் இருக்கும் கொடுமை என்னவென்றால், தோல் என்பது உபரி. கருவாடும் மானும் அவர்களுடைய குளிர்காலச் சாப்பாடு. வரி அதே அளவுதான் என்று பதிவேடு சொன்னாலும் அடி விழுந்த இடம் வேறு. இதே நூற்றாண்டில்தான், 1605 முதல், குளிர்காலச் சந்தை கூடும் இடங்கள் குறிக்கப்பட்டன. யொக்மொக் அதில் ஒன்று, இன்றும் அங்கே பிப்ரவரியில் சந்தை கூடுகிறது. சந்தை, தேவாலயம், நீதிமன்றம், வரி மேசை எல்லாம் ஒரே இடத்தில், ஒரே வாரத்தில். மக்களை ஒரே கூட்டாகப் பிடிக்க நல்ல ஏற்பாடு.

சரி, இதில் நில உரிமை எங்கே வந்தது? இதுதான் விஷயத்தின் சாரம்.

சாமி மக்களிடம் சீதா என்ற கூட்டமைப்பு இருந்தது. சில குடும்பங்கள் சேர்ந்த ஒரு சமூகம், அதற்கென்று ஒரு காடு, ஏரி, மலை. சுவீடன் அதிகாரிகள் அதை லாப் ஊர் என்று பதிந்துகொண்டார்கள். ஊருக்குள் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாக ஒரு பகுதி இருந்தது: இந்த ஏரியில் மீன் எங்களுக்கு, அந்தக் காட்டில் நீர்நாயும் காட்டு மானும் எங்களுக்கு என்று. அந்தப் பகுதிக்கு இன்னார் இவ்வளவு வரி என்று பதிவேட்டில் ஏறியதும் அது 'லாப் வரிநிலம்' ஆனது. அதாவது வரி ஆளின் மேல் விழுந்தாலும் மெல்ல நிலத்தோடு ஒட்டிக்கொண்டது. 1695இல் ஒவ்வொரு ஊருக்கும் ஒரே நிலையான தொகை, பணமாக, என்று வைத்தார்கள். ஊர் அதை நிலக்காரர்களுக்குள் பங்கு போட்டுக் கட்டியது. நம் வாயில் வரும் சொல்லில் சொன்னால், அந்தப் பதிவுதான் அவர்களுக்குப் பட்டா.

பட்டா என்று சொல்வது மிகை இல்லை. 17, 18ஆம் நூற்றாண்டு வட்டார நீதிமன்றப் பதிவுகளில் சாமி குடும்பங்கள் இந்த வரிநிலங்களை அப்பனிடமிருந்து பிள்ளைக்கு மாற்றியிருக்கிறார்கள், பெண்களுக்கும் விதவைகளுக்கும் வந்திருக்கிறது, விற்றிருக்கிறார்கள், பக்கத்து நிலத்துக்காரன் என் ஏரியில் வலை போட்டான் என்று தாவா போட்டு அபராதம் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த நீதிமன்றங்களில் நீதிபதி சுவீடன்காரர், ஆனால் உடன் உட்கார்ந்த ஜூரிகளில் சாமி மக்கள் நிறைய; எந்த ஓடை யாருடையது என்று தெரிந்தவர்கள் அவர்கள்தானே. 1671இல் உமே லாப்மார்க் பகுதிக்கு (லாப்மார்க் என்பது சாமி மக்கள் வாழ்ந்த உள்நாட்டுப் பகுதிகளுக்குச் சுவீடன் வைத்த பெயர்) ஒரு வரைபடமே போட்டிருக்கிறார்கள். எந்தெந்த வரிநிலம், அதன் எல்லை எங்கே, யார் பெயரில் இருக்கிறது என்பது உட்பட. காலனி அதிகாரிகள் பூர்வகுடி நிலத்தைக் காலி நிலம் என்று எழுதி வைத்த கதைகளைத்தான் நாம் நிறையக் கேட்டிருப்போம். இங்கே அரசே ஆள் அனுப்பி, சொந்தக்காரர் பெயரோடு படம் வரைந்திருக்கிறது. ஏன் வரைந்தது? தயாளம் ஒன்றும் இல்லை. யாரிடம் வரி வாங்க வேண்டும் என்று தெரிய வேண்டும், டென்மார்க்காரன் வந்து கேட்டால் இதோ பதிவேடு என்று தூக்கிக் காட்ட வேண்டும்.

அரசுக்கு அவர்கள் அங்கே இருப்பது தேவைப்பட்டது என்பதற்கு இன்னொரு ஆதாரம் நாசாஃப்யெல் வெள்ளிச் சுரங்கம். 1634இல் நார்வே எல்லையோரம் வெள்ளித் தாது கிடைத்தது, அடுத்த ஆண்டு தோண்ட ஆரம்பித்தார்கள். மலை உச்சியில் சுரங்கம், சாலை கிடையாது, எனவே தாதுவையும் மற்ற சாமானையும் பனிமான் சறுக்குவண்டியில் இழுக்கச் சாமி மக்களைக் கட்டாயப்படுத்தினார்கள். கூலி அற்பம், மறுத்தால் அடி. குடும்பம் குடும்பமாக நார்வே பக்கம் ஓடினார்கள். அப்போது சுவீடனுக்கு வந்த கவலை என்ன தெரியுமா? வரி கட்டும் ஆட்கள் குறைந்துவிட்டால் இந்த மலை எங்களுடையது என்று எதை வைத்துச் சொல்வது என்பதுதான். ஓடிப்போக இன்னொரு ராஜா இருந்ததுதான் அவர்களுக்கு இருந்த ஒரே பேரம் பேசும் பலம். 1659இல் டென்மார்க்-நார்வேப் படை வந்து சுரங்கத்தை எரித்தது. அவ்வளவு பாடுபட்டும் கிடைத்த வெள்ளி கொஞ்சம்தான்.

குடியேற்றத்துக்கு வருவோம். 1673இல் சுவீடன் ஓர் அறிக்கை வெளியிட்டது: லாப்மார்க்கில் போய்க் குடியேறுகிறவர்களுக்கு 15 ஆண்டு வரி விலக்கு, படைக்கு ஆளெடுப்பும் கிடையாது. இந்த யோசனைக்குப் பின்னால் இருந்தவர் வெஸ்தர்போத்தன் மாகாண ஆளுநர் யோஹான் கிரான். அவரே சாமி வம்சாவளியில் வந்தவர். குடியானவன் மண்ணை உழுவான், சாமி ஆள் காட்டில் மான் மேய்ப்பான், ஏரியில் மீன் பிடிப்பான், இருவருக்கும் தேவை வேறுவேறு, ஒருவர் காலில் ஒருவர் இடறிக்கொள்ள மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. காகிதத்தில் அழகான கணக்குதான். அந்தக் குளிரில் உழுது பிழைக்க முடியாது என்பதால் குடியேறியவனும் ஏரிக்கு வலையோடுதான் வந்தான், காட்டுக்குப் பொறியோடுதான் போனான். ஏற்கெனவே வரி கட்டிக்கொண்டிருக்கிறவரின் ஏரிக்குப் பக்கத்தில் வரி கட்டத் தேவையில்லாத ஒருவரைக் கொண்டுவந்து உட்கார வைத்ததும் அரசுதான். 1749இல் குடியேறிகளின் வேட்டைக்கு ஒரு தூர வரம்பு வைத்து விதி போட்டார்கள். விதி போட வேண்டி வந்ததே எத்தனை தகராறு நடந்தது என்று சொல்கிறது.

1751இல் சுவீடனும் டென்மார்க்-நார்வேயும் ஒருவழியாக எல்லைக்கோடு போட்டுக்கொண்டன. அந்த ஸ்த்ரொம்ஸ்தாத் உடன்படிக்கையோடு 30 பிரிவுகள் கொண்ட ஓர் இணைப்பு சேர்க்கப்பட்டது, லாப் கொடிசில் என்று பெயர். சாமி மக்களின் மகாசாசனம் என்று சிலர் இதைக் கொண்டாடுவார்கள். பாதி நியாயம்தான். மான் மந்தையோடு இலையுதிர்காலத்திலும் வசந்தத்திலும் எல்லையைத் தாண்டிப் போகலாம், பழைய வழக்கப்படி இரண்டு நாட்டு நிலத்தையும் நீரையும் பயன்படுத்தலாம், இரண்டு ராஜாக்களுக்குள் போர் வந்தாலும் இந்தப் போக்குவரத்து நிற்காது என்கிறது. 18ஆம் நூற்றாண்டு அரசுகள் இப்படி எழுதியது பெரிய விஷயம். இரட்டை வரியும் ஒழிந்தது. ஆனால் விலை என்ன? இனி ஒரு சாமி ஆள் ஒரு நாட்டில் மட்டும்தான் வரிநிலம் வைத்துக்கொள்ளலாம், எந்த நாட்டில் வரிநிலமோ அந்த நாட்டின் குடிமகன். காவுத்தொகெய்னோ, காரஸ்யோக் என்ற சாமி ஊர்கள் நார்வே பக்கம் போயின, உத்ஸ்யோகி என்ற ஊர் சுவீடனில் தங்கியது (பின்லாந்து அப்போது சுவீடனின் ஆட்சியில் இருந்தது).

இங்கேதான் கதை திரும்புகிறது. வரிநிலத்தை வைத்துத்தான் குடிமகன் யார் என்று இரண்டு அரசுகளும் 1751இல் முடிவு செய்தன, அந்த அளவுக்கு அது அங்கீகாரம் பெற்ற உரிமை. ஆனால் கோடு போட்டு முடித்த மறுநாளே அந்த வரி அரசுக்குத் தேவையற்றதாகிவிட்டது. இனி மலை தன்னுடையது என்று நிரூபிக்கப் பதிவேடு வேண்டாம், வரைபடம் இருக்கிறது. 1695இல் நிர்ணயித்த தொகையும் காலப்போக்கில் பண மதிப்பு தேய்ந்து சில்லறையாகிவிட்டது. ஓடிப்போவேன் என்று பயமுறுத்த இன்னொரு ராஜாவும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை அபகரிப்பு என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டால் எப்படி நடந்தது என்பது புரியாமல் போகும். சுவீடனில் நிலம் அப்போது வகைவகையாக இருந்தது. வரிநிலம் என்றால் குடியானவனுக்குச் சொந்தம், அவன் அரசுக்குக் கட்டுவது வரி. அரசு நிலம் என்றால் அரசுக்குச் சொந்தம், அதில் உழுகிறவன் கட்டுவது குத்தகை. இரண்டிலும் ஆள் பணம் கட்டுகிறான், இரண்டிலும் ரசீது ஒன்றுதான். அந்தப் பணத்துக்கு என்ன பெயர் என்பதில்தான் சொந்தக்காரன் யார் என்பது அடங்கியிருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லாப் வரிநிலத் தகராறுகள் நீதிமன்றத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மாகாண நிர்வாகத்தின் கைக்குப் போயின. நீதிமன்றத்தில் ஊர்க்காரர்கள் ஜூரிகளாக இருந்தார்கள், நிர்வாகத்தில் இருந்தது அதிகாரிகளும் கோப்பும். அந்த அதிகாரிகளுக்கு இது அரசு நிலம் என்று தோன்றியது, சாமி குடும்பம் கட்டுவது அனுபவிப்பதற்கான கட்டணம் என்று எழுத ஆரம்பித்தார்கள். சட்டம் எதுவும் மாறவில்லை, தலைப்பு மாறியது. 1789இல் சுவீடன் தன் வரிநிலக் குடியானவர்களுக்கு முழுமையான சொத்துரிமையை உறுதி செய்தபோது, அதே வரிநிலம் என்ற சொல்லைத் தாங்கியிருந்த சாமி நிலங்களுக்கு அந்தப் பலன் வந்து சேரவில்லை. எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் உறுத்துவது இந்த இடம்தான், ஒரே சொல், ஒரே ராஜா, ஒரே மாதிரி ரசீது.

19ஆம் நூற்றாண்டில் மரத்துக்கும் இரும்புத் தாதுவுக்கும் விலை வந்த பிறகு கேட்கவே வேண்டாம். குடியேறிகளுக்கு இவ்வளவு, மிச்சம் அரசுக்கு என்று காட்டை அளந்து பிரித்தார்கள். அதற்கு ஒரு கோட்பாடும் தயாராக வந்தது: நாடோடிக்கு நிலம் சொந்தமாக இருக்க முடியாது, உழுகிறவனுக்குத்தான் சொந்தம். நூறு ஆண்டுக்கு முன் பக்கத்து ஊர் நீதிமன்றத்தில் ஏரி ஏரியாக எல்லை பிரித்துத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள் என்பது யாருக்கும் நினைவில்லை, அல்லது நினைவுபடுத்த யாருக்கும் அக்கறை இல்லை. 1886இல் சுவீடன் பனிமான் மேய்ச்சல் சட்டம் போட்டது. குடும்பம் குடும்பமாக இருந்த வரிநில உரிமை போய், ஊர் முழுவதற்கும் பொதுவான மேய்ச்சல் உரிமை என்றானது. மான் மேய்க்கிற சாமி ஆளுக்குத்தான் உரிமை. மீன் பிடித்தும் வேட்டையாடியும் பிழைத்த காட்டுச் சாமி குடும்பங்கள், அதாவது பழைய வரிநிலங்களின் ஆதி சொந்தக்காரர்களில் பலரின் வாரிசுகள், கணக்கிலேயே வராமல் போனார்கள். அந்தப் பிளவு இன்றும் சாமி சமூகத்துக்குள் புண்ணாக இருக்கிறது.

நார்வே பக்கம் இன்னும் பச்சையாகச் சொன்னார்கள். 1775இல் நார்வேயின் வடகோடியில் இருக்கும் ஃபின்மார்க் பகுதியில் நிலத்தைப் பிரித்துக் கொடுக்க ஓர் அரசாணை வந்தது, கொடுப்பவர் ராஜா என்றால் நிலம் ராஜாவுடையது என்றுதானே அர்த்தம். 1848இல் ஒரு சட்டத்தைக் கொண்டுவரும்போது அரசு சொன்ன காரணம், அங்கே ஆதியில் நிலையான வீடில்லாத நாடோடிகள்தான் இருந்தார்கள், ஆகவே அது பண்டுதொட்டே அரசு நிலம் என்பது. 1902 சட்டப்படி அங்கே அரசு நிலம் வாங்க நார்வே மொழி பேசவும் படிக்கவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும், அன்றாட வாழ்வில் அதைப் பயன்படுத்தவும் வேண்டும். பல நூற்றாண்டு வரி கட்டியதற்கு இல்லாத மதிப்பு மொழிப் பரீட்சைக்கு இருந்தது.

ஒப்பிட்டுப் பார்க்கச் சைபீரியாவை ஒரு பார்வை பார்க்கலாம். 1580களில் யெர்மாக் என்ற தலைவரின் கொசாக் படையினர் யூரல் மலையைத் தாண்டிய பிறகு, ரஷ்யப் பேரரசு கிழக்கே போன வேகம் அசாத்தியமானது, அதை இழுத்துக்கொண்டு போனது சேபிள் என்ற விலங்கின் ரோமத்தோல். அங்கே வரிக்குப் பெயர் யசாக். வரி வரும்வரை ஊர்ப் பெரியவர்களையோ அவர்கள் பிள்ளைகளையோ கோட்டையில் பிணையாக வைத்துக்கொள்வார்கள், அந்தப் பிணைக்குப் பெயர் அமானத். நாம் பத்திரமாக ஒப்படைக்கும் பொருளுக்கு அமானத்து என்கிறோமே, அதே அரபுச் சொல்தான், அங்கே ஒப்படைக்கப்பட்டது மனிதர்கள். ஆனால் அங்கேயும் இதே தர்க்கம் இருந்தது: யசாக் கட்டுகிறவனின் வேட்டைக்காட்டில் ரஷ்யக் குடியேறி நுழையக் கூடாது என்று மாஸ்கோ திரும்பத் திரும்ப உத்தரவு போட்டது, ஏனென்றால் காடு போனால் சேபிள் போகும், சேபிள் போனால் கஜானா காயும். 1822இல் சைபீரியாவை நிர்வகித்த ரஷ்ய அதிகாரி ஸ்பெரான்ஸ்கி தயாரித்த சட்டம்கூட அந்த மக்களின் குல நிலங்களை அங்கீகரித்தது. நடைமுறையில் தோல் வியாபாரத்தின் முக்கியத்துவம் குறையக் குறைய அந்த உத்தரவுகளுக்கும் மதிப்பு குறைந்தது.

திரும்ப சுவீடனுக்கு. 1966இல் யெம்த்லாந்து, வட ஹெர்யெதாலன் பகுதியின் சாமி ஊர்கள் அரசின் மேல் வழக்குப் போட்டன. மலைகள் எங்கள் சொத்து, வரி கட்டினோம், ஆதாரம் இதோ என்றார்கள். வரிமலை வழக்கு என்றே அதற்குப் பெயர். 15 ஆண்டு நடந்து 1981 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: சொத்துரிமை இல்லை. தோற்றார்கள். ஆனால் தீர்ப்புக்குள்ளே வேறு ஒன்று இருந்தது. மேய்ச்சல், வேட்டை, மீன்பிடி ஆகியவற்றை மட்டும் நெடுங்காலம் நடத்தியே, உழாமலும் வீடு கட்டாமலும், ஒருவர் நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆக முடியும் என்று கொள்கையளவில் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. இந்தக் குறிப்பிட்ட மலைகளில் அதற்குப் போதிய ஆதாரம் இல்லை, இன்னும் வடக்கே என்றால் நிலைமை வேறாக இருக்கலாம் என்றது. மேய்ச்சல் உரிமையைக்கூட அரசு நஷ்டஈடு இல்லாமல் பறிக்க முடியாது என்றும் சொன்னது. நாடோடிக்கு நிலமில்லை என்ற 19ஆம் நூற்றாண்டுக் கோட்பாடு அன்றைக்குச் சட்டப்படி செத்தது.

அந்த 'இன்னும் வடக்கே' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு போனது கிர்யாஸ் என்ற சாமி ஊர். 1993இல் சுவீடன் மலைப்பகுதியில் சிறு விலங்கு வேட்டையை எல்லோருக்கும் திறந்துவிட்டு உரிமச்சீட்டை அரசே வழங்க ஆரம்பித்தது. இந்தச் சீட்டைக் கொடுக்கும் உரிமை எங்களுடையது என்று 2009இல் கிர்யாஸ் வழக்குப் போட்டது. 2020 ஜனவரி 23 அன்று உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. காரணம், நினைவுக்கெட்டாத கால அனுபோகம் என்ற பழைய சுவீடன் சட்டக் கருத்து. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள்ளேயே அந்த உரிமை கனிந்துவிட்டது, அதற்குப் பிறகு அரசு அதை ஒருபோதும் முறைப்படி பறிக்கவில்லை என்றது நீதிமன்றம். எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தது? அந்தக் காலத்தில் அரசே சாமி மக்களின் வேட்டை, மீன்பிடி உரிமையை எப்படி நடத்தியது என்பதைக் காட்டும் பழைய காகிதங்களை வைத்துத்தான். தன் எல்லையைக் காப்பாற்றிக்கொள்ள அரசு எழுதி வைத்த பதிவுகள் கடைசியில் அரசுக்கு எதிரான சாட்சியாகின.

இதை வைத்து நிலம் திரும்பிவிட்டது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. கிர்யாஸ் கேட்டதும் வென்றதும் வேட்டை, மீன்பிடி உரிமம் பற்றி மட்டும்தான், அதன் நிலப்பகுதிக்கு மட்டும்தான். மற்ற ஊர்கள் தங்கள் வழக்கைத் தாங்களே நிரூபிக்க வேண்டும். தீர்ப்பு வந்த நாட்களில் சாமி மக்கள் மீது வெறுப்புப் பேச்சும் மிரட்டலும் கிளம்பின, மான்களைக் கொன்று போட்டார்கள். நார்வே வேறு பாதையில் போனது. பூர்வகுடிகள் பற்றிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 169ஆம் உடன்படிக்கையை 1990இல் முதல் நாடாக ஏற்றது, 2005இல் ஃபின்மார்க் சட்டம் போட்டு, அந்தப் பகுதியின் சுமார் 96 சதவீத நிலத்தை அங்குள்ள மக்களின் பேரில் நடக்கும் ஓர் அமைப்புக்கு மாற்றியது. அதன் நிர்வாகக் குழுவில் பாதிப் பேரைச் சாமி நாடாளுமன்றம் நியமிக்கிறது. சுவீடனும் பின்லாந்தும் அந்த உடன்படிக்கையில் இன்னும் கையெழுத்துப் போட்டு ஏற்கவில்லை.

கடைசியாக ஒரு காகிதச் சுருள். கோலா பக்கம் சுவொன்னியெல் என்ற ஸ்கோல்ட் சாமி (சாமி மக்களில் கிழக்குப் பிரிவினர்) ஊர் இருந்தது, ரஷ்ய ஜாருக்கு வரி கட்டிய ஊர். 1601இல் ஜார் போரிஸ் கோதுனோவ் கொடுத்ததில் தொடங்கி, அந்த ஊரின் நில, நீர் உரிமைகளை உறுதிப்படுத்தும் ஆவணங்களை ஒன்றோடொன்று ஒட்டி, சுமார் 9 மீட்டர் நீளச் சுருளாக, மரத்தைக் குடைந்து செய்த பெட்டியில் தலைமுறை தலைமுறையாக ஒளித்துப் பாதுகாத்தார்கள். அதிகாரி யாராவது வந்து இது யார் ஏரி என்று கேட்டால் எடுத்துக் காட்டுவதற்கு. அந்தப் பகுதி 1920இல் பின்லாந்தோடு சேர்ந்தது, 1944இல் சோவியத் யூனியனுக்குப் போனது, ஊர் மக்கள் பின்லாந்துக்குக் கிளம்பிவிட்டார்கள். 1949இல் இனாரி வட்டாரத்தின் செவெத்தியெர்வியில் அவர்களுக்குப் புது வீடுகள் கிடைத்தன. சுருளை 2015இல் யுனெஸ்கோ தன் உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது. அதில் எழுதியிருக்கும் ஏரிகள் எல்லைக்கு அந்தப் பக்கம், ரஷ்யாவில் இருக்கின்றன.